மலைக்கு உடம்பு தந்தவள்

அவளை எல்லோரும் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த உயரத்திலிருந்து தள்ளிவிட்டாலும் காலை ஊன்றி நிற்பாள் என்று ஸ்டண்ட் மாஸ்டர் ஒருநாள் படப்பிடிப்பில் சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கதாநாயகிகளுக்கு டூப் போடுவது அவள் தொழில். மாடியிலிருந்து குதிக்க வேண்டும், ஓடுகிற லாரியிலிருந்து உருள வேண்டும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய வேண்டும் என்றால் கதாநாயகி குடை நிழலில் உட்கார்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டிருப்பாள். அதே உடையும் அதே மாதிரி சவுரியும் மாட்டிக்கொண்டு பூனை போய் விழுந்துவிட்டு வருவாள். எழுந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "இன்னொரு டேக் வேணுமா மாஸ்டர்?" என்று கேட்பாள்.

கட்டிக்கொண்டவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். வண்டி ஓட்டப் பழக வருகிறவர்களிடம் நாள் முழுக்க "மெதுவா, மெதுவா, பிரேக்கை மிதிங்க" என்று கெஞ்சுகிற மனிதருக்கு, பிரேக்கே இல்லாத பெண்டாட்டி வாய்த்தாள் என்று தெருவில் கேலி உண்டு. அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். அவள் வேலைக்குப் போன நாட்களில் மட்டும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்.

மாமியார் கதை வேறு. மருமகள் நடித்த படம் ஒன்றைக்கூட அந்த அம்மாள் பார்த்ததில்லை. "பார்த்தா எனக்கு நெஞ்சு நின்னுடும்" என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இன்னொரு வருத்தமும் இருந்தது. "ஊருல மத்த பொண்ணுங்க எல்லாம் முகத்தைக் காட்டிப் பேர் வாங்குறாளுங்க. நம்ம வீட்டுல மட்டும் முதுகைக் காட்டிச் சம்பளம் வாங்குது" என்பாள்.

அது உண்மைதான். டூப் போடுகிறவளின் முகம் கேமராவில் விழுந்துவிட்டால் அந்த ஷாட் குப்பைக்குத்தான். ஆகவே பூனை எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே விழக் கற்றிருந்தாள். முகத்தைப் போலவே, அவளைக் கட்டித் தூக்குகிற கயிறும் கேமராவில் தெரியக் கூடாது. அதனால் மெல்லிய இரும்புக் கம்பியில்தான் தொங்கவிடுவார்கள். அதற்குக் கறுப்பு மை பூசி, வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வார்கள். மெல்லிய கம்பிக்குப் பலம் எவ்வளவு இருக்கும்? அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் அடுத்த ஷாட்டுக்கு ஆள் ஏற மாட்டார்கள்.

ஒருநாள் அந்தக் கம்பி அறுந்தது. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே அவள் பறந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே சுண்டியது போல ஒரு சத்தம் கேட்டது. பூனையாவது மண்ணாவது, அன்றைக்கு அவள் மூட்டை விழுகிற மாதிரிதான் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர். பல மாதம் படுக்கை. மாமியார்தான் தூக்கினாள், துடைத்தாள், திட்டினாள், ஊட்டினாள். எழுந்து நிற்கப் பழகிய நாட்களில் பூனைக்கு ஒவ்வொரு காலையும் ஒரு யுத்தமாக இருந்தது. படுக்கையை விட்டு உடம்பைப் பிரித்தெடுக்க வேண்டும். இடுப்பு "மாட்டேன்" என்று சொல்லும். அதைத் தாஜா செய்ய வேண்டும்.

"இனிமே வீட்டோட இரு" என்றார் கணவர்.

"இருக்கேங்க" என்றாள். சொல்லும்போதே அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், இருக்கமாட்டாள் என்று.

இரண்டு வருடம் கழித்து அவள் திரும்பிப் போனபோது, மாஸ்டர் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். கட்டைவிரல் தடிமன். போதாக்குறைக்குப் பளிச்சென்று நீல நிறம்.

"என்ன மாஸ்டர், கிணத்துல தண்ணி இறைக்கப் போறோமா?"

"உன்னைக் கட்டத்தான்."

"இது கேமராவில தெரியாதா?"

"நல்லாத் தெரியும். தெரியட்டும். அப்புறமா கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவாங்களாம்."

"அழிக்கிறதுன்னா? கரும்பலகையா என்ன?"

மாஸ்டருக்கும் விளக்கத் தெரியவில்லை. "கிராபிக்ஸ்" என்று மட்டும் சொன்னார், சாமி பெயரைச் சொல்வது போல.

அவள் நம்பவில்லை. ஆனாலும் அந்தக் கயிற்றில் தொங்கியபோது உடம்புக்கு ஒரு விஷயம் புரிந்தது: இது அறுந்து போகாது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக அவள் பயமில்லாமல் பறந்தாள். அந்த ஷாட் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசாரித்துக்கொண்டு, அந்த வேலை நடக்கிற அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிய ஒரு நீளமான அறை. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், வரிசையாக முதுகுகள். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "அக்கா! நீங்கதானே அது?" என்று எழுந்து நின்றாள். முகம் தெரியாத தன்னை ஒருத்தி எப்படி அடையாளம் கண்டாள் என்று பூனைக்குத் திகைப்பு.

"எப்படிம்மா தெரிஞ்சது?"

"நாலு வாரமா உங்க முதுகைத்தானே பார்த்துட்டு இருக்கேன். கதவைத் தாண்டி நீங்க நடந்து வந்ததைப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு."

திரையில் பூனை பறந்துகொண்டிருந்தாள். முதுகிலிருந்து நீலக் கயிறு மேலே போனது. கண்ணாடிக்காரி ஏதோ செய்தாள். கயிற்றில் ஒரு சாண் காணாமல் போனது. இன்னும் ஏதோ செய்தாள், இன்னொரு சாண். கயிறு இருந்த இடத்தில் சுவர் இருந்தது, ஜன்னல் இருந்தது, ஜன்னலில் காயப்போட்ட துண்டுகூட இருந்தது.

"இரு இரு. கயிறை அழிச்சே, சரி. பின்னாடி இருந்த சுவர் எங்கேர்ந்து வந்துச்சு? கேமராதான் அதைப் பார்க்கவே இல்லியே?"

"நீங்க பறந்து போறப்போ கயிறும் நகருதில்லக்கா? ஒரு படத்துல கயிறு மறைச்ச இடம் அடுத்த படத்துல தெரியும். அங்கேர்ந்து எடுத்து இங்க ஒட்டுவேன். ஒவ்வொரு படத்துக்கும்."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"ஒரு விநாடிக்கு இருபத்துநாலு படம்."

பூனை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைசித் துண்டுக் கயிறும் மறைந்தது. திரையில் ஒரு பெண் எதிலும் தொங்காமல், எந்தத் துணையும் இல்லாமல், வானத்தில் போய்க்கொண்டிருந்தாள். பூனை வாய்பிளந்து பார்த்தாள். தான் செய்த காரியம்தான், ஆனால் அப்படி ஒரு காரியத்தை அவள் எங்கே செய்தாள்? கை தன்னையறியாமல் இடுப்பைத் தடவியது. "மகராசி, உன் கை நல்லா இருக்கணும்" என்றாள்.

ஆனால் கயிற்றை அழித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. அடுத்த சில வருடங்களில் அவளை ஒரு வட்டத்தின் நடுவே நிறுத்தி, சுற்றிலும் கேமராக்களை வைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை படமெடுத்தார்கள். அவளைப் போலவே ஒருத்தியைக் கம்ப்யூட்டருக்குள் செய்தார்கள். எந்த மனிதரும் விழ முடியாத உயரமுள்ள கோபுரத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டர்க்காரி விழுந்தாள். அதைக் கண்ணாடிக்காரி போட்டுக் காட்டியபோது பூனை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேகத்தைத் துளைத்துக்கொண்டு, காற்றில் உடை படபடக்க, தானே போய்க்கொண்டிருப்பதை அவள் வெளியே நின்று பார்த்தாள்.

"கையைக் கவனிச்சீங்களாக்கா? தரை கிட்ட வரும்போது வலது கட்டைவிரலை உள்ளே மடிச்சுப்பீங்க."

"நானா?"

"எல்லா ஷாட்லயும். நாங்க அத்தனையும் போட்டுப் பார்த்துதான் இதைச் செஞ்சோம். மடிக்காம விட்டா நீங்க விழுற மாதிரியே இல்ல."

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது பூனை தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருடம் கூடவே இருந்த கை, தனக்குச் சொல்லாததை ஒரு மெஷினிடம் சொல்லிவிட்டதே என்று இருந்தது.

ஆச்சரியம் ஒருபுறம் இருக்க, வேலை குறைந்தது. பெரிய விழுகைகளையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்க்காரியே விழுந்துவிட்டாள். அவளுக்கு அடிபடாது, சாப்பாடு வேண்டாம், எத்தனை டேக் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டாள். மாமியார்தான் நியாயம் பேசினாள்: "விழட்டுமே! அவளுக்கு எலும்பா இருக்கு, முறியறதுக்கு? உனக்குப் பதிலா ஒருத்தி விழறான்னா அவளுக்கு ஒரு கும்பிடு போடு."

பூனை கணவருடைய டிரைவிங் ஸ்கூலில் போய் உட்கார்ந்தாள். பெண்களுக்கு வண்டி பழக்கினாள். அவளிடம் பழகியவர்கள் எல்லோரும் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார்கள் என்று கணவர் புலம்பினார்.

அப்படி இருக்கும்போதுதான் கண்ணாடிக்காரியின் போன் வந்தது. இப்போது அவள் ஒரு பெரிய படத்தின் கிராபிக்ஸ் முழுவதையும் கவனிக்கிறவள்.

"அக்கா, ஒரு வேலை. நீங்கதான் வரணும்."

"எங்கேர்ந்து விழணும்?"

"விழ வேண்டாம்க்கா. எழுந்திருக்கணும்."

படத்தில் ஒரு மலை. அதன்மேல் காடு, அடிவாரத்தில் ஜனங்கள். உண்மையில் அது மலையே இல்லை, யுகயுகமாகத் தூங்குகிற ஒரு விலங்கு. ஒருநாள் அது எழுந்து நிற்கிறது. அந்த விலங்குக்கு உடம்பு கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இதுதான் வேலை.

பூனை போனாள். உள்ளே ஒன்றுமே இல்லாத பெரிய கூடம். மேலே சுற்றிலும் சின்னச் சின்னக் கேமராக்கள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையை மாட்டிவிட்டு, அசைவைக் கேமராக்கள் படிப்பதற்காக மூட்டுக்கு மூட்டு குண்டுமணி போன்ற சாம்பல் நிற உருண்டைகளை ஒட்டினார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கரிச்சட்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கவலை அதிகம்.

"அந்தத் திரையைப் பாருங்கக்கா" என்றாள் கண்ணாடிக்காரி.

சுவர் அளவுத் திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நின்றது. தோல் இல்லை, ரோமம் இல்லை. களிமண்ணில் பிடித்துவைத்த மாதிரி. அதன் காலடியில் எறும்பு போலச் சில புள்ளிகள். அவை வீடுகள் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பூனை மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினாள். திரையில் மலை தன் முன்னங்காலைத் தூக்கியது.

அவள் உறைந்துபோனாள். அதுவும் உறைந்தது. பயத்தில் ஓரடி பின்வாங்கினாள். அதுவும் ஓரடி பின்வாங்க, வீடுகள் எல்லாம் அதன் நிழலுக்குள் போயின. அவள் மூச்சு வாங்கினாள். அந்த ராட்சச விலாக்கள் விரிந்து சுருங்கின. தலையைச் சாய்த்தாள், ஒரு சிகரம் சாய்ந்தது.

"அய்யோ" என்றாள் மெல்லிய குரலில். இத்தனை வருடம் அடுத்தவர் உடையைப் போட்டுக்கொண்டு விழுந்தவள். இன்று ஒரு மலையே அவளைப் போட்டுக்கொண்டு நின்றது.

ஆனால் பிரமிப்பு வேறு, வேலை வேறு. தரையில் படுத்து எழுந்தாள். திரையில் மலை துள்ளி எழுந்தது.

"பஞ்சு மெத்தையிலேர்ந்து எழுந்திருக்கிற பூனைக்குட்டி மாதிரி இருக்குக்கா" என்றாள் கண்ணாடிக்காரி, வருத்தமாக.

மெதுவாக எழுந்தாள். மலை சோம்பல் முறித்தது. கைகால்களில் மணல் மூட்டைகளைக் கட்டிப் பார்த்தார்கள். களைத்துப்போன மனுஷி ஒருத்தி எழுவது போல இருந்ததே தவிர, மலை எழவில்லை. நாள்கள் போயின. வேறு ஆளைப் பார்க்கலாமா என்று இயக்குநர் ஓரமாகப் போய்ப் பேசுவது அவள் காதில் விழுந்தது.

அன்று பிற்பகல் குளிர்ந்த சிமெண்ட் தரையில் படுத்திருந்தாள். விளக்குகளைச் சரிசெய்யத் தாமதமானது. குளிர் உள்ளே இறங்க இறங்க, பழைய இடுப்பு முறிவு விழித்துக்கொண்டது. ஆறிய பிறகும் அது சில நாள் அப்படிப் படுத்தும். அவள் யாரிடமும் சொன்னதில்லை. இடுப்பு பிடிக்கும்போதெல்லாம் அதை மறைத்து, ஒன்றுமில்லாதவள் போல எழுந்துவிடுவதில் அவள் கெட்டிக்காரி.

"ரெடி" என்று குரல் கேட்டது. மறைத்துக்கொண்டு எழத்தான் உடம்பு தயாரானது. ஏனோ அன்று அவள் மறைக்கவில்லை.

முதலில் எழ வேண்டும் என்கிற எண்ணம் மட்டும் தோளில் அசைந்தது. பிறகு ஒரு கையை ஊன்றினாள். பாரம் முழுவதும் அந்தக் கைக்கு வந்து சேரும்வரை காத்திருந்தாள். மூச்சை விட்டாள். இடுப்பைத் தூக்கினாள், அது பாதி வழியில் "மாட்டேன்" என்றது, அதோடு வழக்காடாமல் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தாள், வேறு பக்கமாகச் சாய்ந்து மறுபடி தூக்கினாள். ஒரு கால். நீண்ட இடைவெளி. இன்னொரு கால். தலை கடைசியாகத்தான் நிமிர்ந்தது.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். அங்கே, யுகக்கணக்கில் படுத்துக் கிடந்த ஒன்று, தான் படுத்திருந்ததை நினைத்துப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. எடையில்லாத அந்தச் சாம்பல் உருவத்துக்கு எடை வந்திருந்தது. 'கட்' சொல்ல வேண்டிய இயக்குநர் அதைச் சொல்ல மறந்து, தலைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா..." என்றாள் கண்ணாடிக்காரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வலிச்சுதா?"

"வலிச்சா என்ன? வந்துச்சா?"

"வந்துடுச்சுக்கா."

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒருநாள் கண்ணாடிக்காரி கூப்பிட்டு வேலையைக் காட்டினாள். பூனை எழுந்த அதே எழுச்சிக்குள் முதலில் எலும்புகளை வைத்திருந்தார்கள். எலும்பின்மேல் தசை. தசை இழுபடும்போது அதன்மேல் வழுக்குகிற தோல். தோலின்மேல் பாறை, பாசி, காடு. ஒவ்வொரு மரமும் தனியாக ஆடியது. மலை குலுங்கிக் கொஞ்சம் கழித்துத்தான் ஆடியது, நிஜ மரம் எப்படி ஆடுமோ அப்படி. ஒருவர் நாள் முழுக்க அந்த விலங்கின் இமையை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இன்னொரு மேசையில் தாடிக்காரர் ஒருவர், விலங்கின் விலாவிலிருந்து மண் சரிவதை மட்டும் பல மாதமாகச் செய்துகொண்டிருந்தார்.

"ஏன் சார், மண்ணு விழறதுக்கா இவ்வளவு நாள்?"

"விழறது லேசான வேலையாக்கா? உங்களுக்குத் தெரியாததா?" என்றார் அவர்.

பூனை மண்ணை மறுபடி போட்டுக் காட்டச் சொன்னாள். பெரிய கட்டி முதலில் பிரிந்தது, அது உடைந்து சின்னக் கட்டியானது, பொடியானது, புகையானது, புகை வெயிலில் நின்றது. ஒரு மணல் துகளுக்குக்கூடத் தான் எங்கே விழ வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. அந்த மேசையை விட்டு அவளுக்கு நகர மனம் வரவில்லை.

படம் வெளியானதும் பகல் காட்சிக்கு மூவரும் போனார்கள். மாமியாரை அழைத்து வருவதற்குள் பெரும்பாடு. "நான் விழவே இல்ல அத்தை, சத்தியமா" என்று சொன்ன பிறகுதான் கிளம்பினாள். இருந்தாலும் முந்தானையைக் கண்ணுக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள்.

அந்த இடம் வந்தது. காட்டில் பறவைகள் ஒரே சமயத்தில் கிளம்பின. தரை நடுங்கியது. மலையின் தோள் அசைந்தது.

தன்னைத்தான் பார்க்கப் போகிறோம் என்று பூனை நினைத்திருந்தாள். ஆனால் அந்த நிமிடம் அவளுக்குத் தன் ஞாபகமே வரவில்லை. கூடம், குண்டுமணி, சிமெண்ட் தரை, எல்லாம் போய்விட்டன. வேர்கள் அறுபடுகிற ஓசையோடு ஓர் உயிர் மண்ணைவிட்டுப் பிரிந்துகொண்டிருந்தது. அது எழுந்துவிட வேண்டுமே என்று அவள் மனசு தவித்தது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் அது கொஞ்சம் இறங்கியபோது முன் வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

மாமியாரின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. முந்தானை மடியில் கிடந்தது. கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

"அடியே" என்றாள் மாமியார், திரையிலிருந்து பார்வையை எடுக்காமல். "அதுக்கு இடுப்பு வலிக்குதுடி."

பூனைக்கு அப்போதுதான் அது யார் என்று நினைவு வந்தது. அந்தப் பக்கம் கணவர், காலுக்குக் கீழே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

மலை நிமிர்ந்து நின்றது. அதன் தலை மேகத்துக்குள் போனது. கைதட்டல் எழுந்தது, மாமியார் தட்டவில்லை. கும்பிட்டாள்.

படம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து வாசலுக்கு நெருக்கியடித்தார்கள். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. மாமியார் எழவில்லை.

"இவங்கல்லாம் யாரு?"

"அந்த மலையைச் செஞ்சவங்க, அத்தை."

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எலும்பு வைத்தவர்கள், தோல் போர்த்தியவர்கள், மரம் நட்டவர்கள், வெயில் அடித்தவர்கள், தூசி கிளப்பியவர்கள். எந்தெந்த ஊரிலோ இருட்டறைகளில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர்கள். அதற்குள் எங்கேயோ பூனையின் சொந்தப் பெயரும் ஓடியிருக்க வேண்டும். கணவர் இடது வரிசையைப் படித்துக்கொண்டிருந்தார்; அது வலது வரிசையில் வந்ததோ என்னவோ, பிடிபடவில்லை.

"தவற விட்டுட்டோமே" என்றார் அவர், பதறிப்போய்.

"விடுங்க" என்றாள் பூனை. நிஜமாகவே அவளுக்கு வருத்தமில்லை. கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருந்த அந்தக் கூட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

துடைப்பத்தோடு அரங்கத்துக்குள் வந்த பெண், இருக்கை வரிசையின் முனையில் நின்று, "படம் முடிஞ்சிடுச்சும்மா" என்றாள்.

"தெரியும் தாயி. கொஞ்சம் இரு" என்றாள் மாமியார். "இன்னும் ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."